பேசாத பெண்களுக்குக் கதை எழுதுகிறவர்கள்

ஆதியாகமத்தில் ஆஸ்நாத் என்ற பெயர் மூன்றே இடங்களில் வருகிறது. எகிப்தின் ஓன் நகரத்துப் பூசாரியின் மகள். பார்வோன் அவளை யோசேப்புக்குக் கட்டிவைத்தான். மனாசே, எப்பிராயீம் என்று இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றாள். அவளுக்கு என்ன வயது, அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு இஷ்டம் இருந்ததா என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. யாக்கோபின் மகன் வேற்றுத் தெய்வத்தின் பூசாரி வீட்டில் பெண் எடுத்தான் என்பது பிற்கால யூதர்களை உறுத்தியிருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் அந்த உறுத்தலுக்குப் பதிலாகக் கிரேக்க மொழியில் ஒரு முழுக் கதையையே எழுதினார். ‘யோசேப்பும் ஆஸ்நாத்தும்’ என்று இன்று அழைக்கப்படும் அந்த நூல் கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுதப்பட்டிருக்கலாம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு.

அந்தக் கதையில் ஆஸ்நாத்துக்கு 18 வயது. பத்து அறைகள் கொண்ட கோபுரத்தில், தான் பிறந்த அதே இரவில் பிறந்த ஏழு தோழிகளுடன் வாழ்கிறாள். யோசேப்பைக் கட்டிக்கொள் என்று அப்பா சொன்னதும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. கானான் நாட்டு ஆட்டிடையன் மகனையா என்று கேட்டு மறுத்துவிடுகிறாள். பிறகு ஜன்னல் வழியாக அவனைப் பார்க்கிறாள், ஆடிப்போகிறாள். இப்போது அவன் மறுக்கிறான். சிலைகளுக்குப் படைத்ததை உண்ணும் வாயை முத்தமிட மாட்டேன் என்கிறான். வீட்டிலிருந்த பொன், வெள்ளி விக்கிரகங்களை அவள் ஜன்னலுக்கு வெளியே எறிகிறாள். ஏழு நாள் சாம்பலில் கிடந்து அழுகிறாள். எட்டாம் நாள் வானிலிருந்து ஒருவர் வந்து அவளுக்குத் தேனடை ஊட்டுகிறார். அடையிலிருந்து எழும் பனிவெள்ளைத் தேனீக்கள் அவளைச் சூழ்ந்து, அவள் உதட்டின் மேலேயே ஒரு கூடு கட்டுகின்றன.

அப்பாவோடு சண்டை, தனி அறை, ஜன்னலோரக் காதல், அடையாளக் குழப்பம், எல்லாவற்றையும் உடைத்தெறியும் ஓர் இரவு. இன்றைய இளையோர் நாவலின் கட்டுமானம் முழுவதும் அதில் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் சிரியாக் மொழிக்குப் போன அந்தக் கதை அர்மீனியனிலும் லத்தீனிலும் பரவியது. 13ஆம் நூற்றாண்டில் வின்சென்ட் ஆஃப் போவே தன் பெரும் கலைக்களஞ்சியத்தில் அதைச் சுருக்கிச் சேர்த்தார். விவிலியப் பெண்ணை இளம் வாசகிக்காக மறுபடி சொல்லும் நாவல்கள் ஏதோ அமெரிக்கப் பதிப்பகங்களின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்த நூலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த நாவல்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது: வேதத்தில் இல்லாததை எழுதலாமா கூடாதா? பழைய கேள்வி, இரண்டாயிரம் ஆண்டு நடைமுறை அதற்கு விடை சொல்லிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேதம் விட்ட மௌனத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள்? மிக அதிகமாக, மிகச் சுலபமாக நிரப்பப்படுவது காதலால்தான். ஆஸ்நாத் கதைக்கு அது பொருந்தியது. எல்லாப் பெண்களுக்கும் பொருந்துமா?

மௌனத்தை நிரப்பும் வழக்கம் எந்த ஒரு சமயத்துக்கும் தனிச் சொத்து அல்ல. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ‘யாக்கோபின் முன்நற்செய்தி’ மரியாளின் பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறது. சுவக்கின், அன்னம்மாள் என்று தமிழ்க் கத்தோலிக்கர்கள் வணங்கும் அவளுடைய பெற்றோரின் பெயர்கள் நான்கு நற்செய்திகளில் எங்கும் இல்லை. அந்த நூலிலிருந்து வந்தவை. மூன்று வயதுக் குழந்தையை ஆலயத்தில் பலிபீடத்தின் மூன்றாம் படியில் இறக்கிவிடுகிறார்கள். குழந்தை ஆடத் தொடங்குகிறது. யோசேப்பை மயக்கப் பார்த்த போத்திபாரின் மனைவிக்கு ஆதியாகமத்திலும் பெயர் இல்லை, குர்ஆனின் யூசுப் அத்தியாயத்திலும் பெயர் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ஜாமி அவளை ஜுலைகாவாக்கி, காதலில் உருகி இறைவனைச் சென்றடையும் பெண்ணாகப் பாடினார். அந்த மரபு தமிழுக்கும் வந்து சாரண பாஸ்கரனின் ‘யூசுப் ஜுலைகா’ காப்பியமானது.

தமிழோடு இன்னும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியின் 3615 பாடல்களில் மரியாளும் அவள் கணவர் சூசையும் வாழும் வாழ்க்கையின் பெரும்பகுதி நற்செய்திகளில் இல்லாதது. அதற்கு அவர் கைக்கொண்ட மூலங்களில் முக்கியமானது 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் மரியா தெ ஆக்ரெதா என்ற துறவி எழுதிய மரியாளின் வாழ்க்கைக் கதை. கான்வென்டின் நான்கு சுவருக்குள் இருந்துகொண்டு ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதிய வாழ்க்கை, ஒரு தமிழ்க் காப்பியத்தின் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்றைய அலையைக் கிளப்பிய நூல் 1997இல் வந்த அனிட்டா டயமண்டின் ‘தி ரெட் டென்ட்’. பெரியவர்களுக்கான நாவலாகத்தான் வந்தது. ஆனால் அம்மா படித்து மகளிடம் கொடுக்கும் புத்தகமாகப் பரவியது. முதலில் விற்பனை சுமார்தான். மிஞ்சிக் கிடந்த பிரதிகள் யூத ரபிகளுக்கு அனுப்பப்பட்டன. பிரசங்க மேடைகளிலும் வாசகர் வட்டங்களிலும் பேச்சு பரவியது. பல லட்சம் பிரதிகள் விற்றன. 2014இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

அதன் கதை சொல்லி தீனாள், யாக்கோபின் மகள். ஆதியாகமம் 34ஆம் அதிகாரம் முழுவதும் அவளைச் சுற்றித்தான் நடக்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊர்ப் பெண்களைப் பார்க்கப் புறப்பட்டுப் போகிறாள். சீகேம் என்ற இளவரசன் அவளைக் கொண்டுபோய்க் கெடுக்கிறான். பிறகு மணம் பேச வருகிறான். விருத்தசேதனம் செய்துகொண்டால் பெண் தருகிறோம் என்று அண்ணன்மார் நம்ப வைக்கிறார்கள். மூன்றாம் நாள், ஊர் ஆண்கள் வலியில் கிடக்கும்போது, சிமியோனும் லேவியும் வாளோடு புகுந்து அத்தனை பேரையும் வெட்டுகிறார்கள். கடைசியில் யாக்கோபும் மகன்களும் வாதிடுகிறார்கள். தீனாளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டயமண்ட் அவளுக்கு முழு வாழ்க்கை கொடுத்தார். லேயாள், ராகேல், சில்பாள், பில்காள் என்ற நான்கு தாய்மார். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கூடும் சிவப்புக் கூடாரம். எகிப்தில் மருத்துவச்சி வேலை. நாவலின் முதல் பாதியில் வரும் அந்தக் கூடாரத்துப் பேச்சும் பிரசவ அறையின் வியர்வையும் இன்றும் வலுவாக நிற்கின்றன. தீனாள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அப்படியொரு கூடாரம் இருந்ததற்குத் தொல்லியல் சான்று எதுவும் இல்லை. அது நாவலாசிரியர் பிற சமூகங்களின் வழக்கங்களிலிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும், நாவலுக்கு அந்த உரிமை உண்டு.

உறுத்துவது இன்னொரு மாற்றம். நாவலில் நடப்பது வன்புணர்ச்சி அல்ல, பரஸ்பரக் காதல். மூல வசனம் பலாத்காரத்தைத்தான் சொல்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 1994இல் லின் பெக்டெல் அதை மறுத்தே கட்டுரை எழுதினார். ஆகவே டயமண்ட் வேதத்தைப் புரட்டிவிட்டார் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நாவலின் வெற்றிக்குப் பிறகு ஒரு வாய்ப்பாடு உருவாகிவிட்டது: பெண்ணுக்குக் குரல் கொடுப்பது என்றால் அவளுக்கு ஒரு காதலனைக் கொடுப்பது. கெடுக்கப்பட்ட பெண்ணாகவே தீனாள் பேசினால் என்ன சொல்வாள் என்று அறிய விரும்பும் பதினாறு வயது வாசகிக்கு அந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

இந்த வாய்ப்பாடு எஸ்தர் விஷயத்தில்தான் மிக அதிகம் சேதம் செய்திருக்கிறது. காரணம், எஸ்தர் புத்தகம் தன் இரண்டாம் அதிகாரத்தில் சொல்வதை யாரும் தவறாகப் படிக்க முடியாது. பாரசீக ராஜா அகாஸ்வேரு தன் ராணி வஸ்தியைத் தள்ளிவிட்ட பிறகு, அவன் ஆண்ட 127 நாடுகளிலும் அழகான கன்னிப்பெண்களைத் திரட்டிச் சூசான் அரண்மனைக்குக் கொண்டுவர ஆள் அனுப்புகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் 12 மாதம் அழகுச் சுத்திகரிப்பு: ஆறு மாதம் வெள்ளைப்போள எண்ணெய், ஆறு மாதம் வாசனைத் திரவியங்கள். முறை வந்ததும் மாலையில் ராஜாவிடம் போகிறாள். காலையில் திரும்பி வருகிறாள். திரும்புவது முதல் வீட்டுக்கு அல்ல. சாஸ்காஸ் என்ற பிரதானியின் காவலில் உள்ள இரண்டாம் வீட்டுக்கு, மறுமனைவியர் வீட்டுக்கு. ராஜா பேர் சொல்லி அழைத்தால் ஒழிய மறுபடி அவனைப் பார்க்க முடியாது. சொந்த ஊருக்கும் போக முடியாது. திரட்டப்பட்டவர்கள் 400 பேர் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் கணக்குச் சொல்கிறார். ராணி ஆனவள் ஒருத்தி.

2011இல் ஜோன் வுல்ஃப் எழுதிய எஸ்தர் நாவல் ‘எ ரிலக்டன்ட் குவீன்’ அட்டையிலேயே எஸ்தரின் காதல் கதை என்று போட்டுக்கொண்டு வந்தது. டாமி டெனியின் ‘ஹதாஸா’ நாவலிலிருந்து 2006இல் எடுக்கப்பட்ட ‘ஒன் நைட் வித் த கிங்’ படத்தில் அரசன் தனிமையில் வாடும் இளைஞன். எஸ்தர் படித்துக் காட்டும் கதைகளில் மயங்குகிறான். நானூறு பெண்களை வரவழைத்து ஒரு ராத்திரிக்கு ஒருத்தி என்று அனுப்பச் சொன்னவன் அவன்தான் என்பது திரையில் மங்கிப்போகிறது. அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்பகங்களின் நாவல்கள் சபை நூலகங்களுக்கும் வீட்டுப் பள்ளிகளுக்கும் போகிறவை; படுக்கையறைக் காட்சி ஆகாது, நாயகி கறைபடக் கூடாது, முடிவில் நல்ல தாம்பத்தியம் வேண்டும். அந்த நிபந்தனைகளை எஸ்தர் கதையின் மேல் வைத்தால் அகாஸ்வேரு நல்லவனாகியே தீர வேண்டும். பெண்ணின் மானத்தைக் காப்பாற்றப் போய் ராஜாவின் மானத்தைக் காப்பாற்றி முடிக்கிறார்கள்.

எஸ்தரைப் பதினைந்து பதினாறு வயதுச் சிறுமியாகக் காட்டுவதும் நாவலாசிரியர்களின் தேர்வுதான். மூலம் அவளை இளம்பெண் என்கிறது, வயது சொல்லவில்லை. அவளுக்கு 40 என்றும் 80 என்றும் சொன்ன ரபிகள் இருக்கிறார்கள்! ஆனால் சிறுமி என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அதன் விளைவையும் எழுத்தாளர் சுமந்தாக வேண்டும்.

அதைச் சுமக்கப் பார்த்த நாவலும் இருக்கிறது. ரெபெக்கா கானர் 2015இல் எழுதிய ‘எஸ்தர்’ பெண்களைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போவதிலிருந்து தொடங்குகிறது. அண்ணகராக்கப்படும் சிறுவர்களையும் பார்க்கிறது. இது மிகையல்ல. பாபிலோனியா ஆண்டுதோறும் பாரசீக அரசனுக்கு 1000 தாலந்து வெள்ளியோடு விதையடிக்கப்பட்ட 500 சிறுவர்களையும் கப்பமாகக் கொடுத்தது என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். வஸ்தி விலக்கப்பட்டது அரசனின் மூன்றாம் ஆண்டு, எஸ்தர் வந்தது ஏழாம் ஆண்டு. அகாஸ்வேரு என்பவன் முதலாம் செர்க்சஸ் என்றால், இடையில் இருப்பது கிரேக்கப் படையெடுப்பும் கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் வாங்கிய அடியும். தோற்றுத் திரும்பிய ஒருவனின் அரண்மனைக்குள் அந்தப் பெண்கள் அனுப்பப்படுகிறார்கள். எந்தக் காதல் கதையைவிடவும் அது கனமான நாவல்.

வரலாற்று நாவல் என்ற பெயருக்கு ஏற்றபடி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க இரண்டு எளிய சோதனைகள் போதும். ஆபிரகாம் காலத்துக் கதையில் யாராவது காசை எண்ணிக் கொடுத்தால் ஆசிரியர் வீட்டுப்பாடம் செய்யவில்லை. நாணயம் லிடியாவில் புழக்கத்துக்கு வந்தது கி.மு. ஏழாம் நூற்றாண்டில்தான், அதற்கு முன் வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். இரண்டாவது, மாவு அரைப்பது யார்? கேரல் மேயர்ஸ் என்ற ஆய்வாளர் இஸ்ரவேல் மலைநாட்டுப் பெண்களின் அன்றாட வேலைகளை அகழாய்வுகளிலிருந்து மீட்டெடுத்தவர். நம் அம்மியைப் போன்ற அரைகல்லின் முன் மண்டியிட்டுத் தினமும் மணிக்கணக்கில் அரைக்காமல் ஒரு குடும்பத்துக்கு ரொட்டி கிடையாது. சிரியாவின் அபு ஹுரெய்ராவில் கிடைத்த புதிய கற்காலப் பெண்களின் எலும்புகளில் கால் பெருவிரலும் முழங்காலும் முதுகும் அந்த வேலையால் தேய்ந்திருக்கின்றன. விவிலியக் காலத்துக்கு அது பல்லாயிரம் ஆண்டு முந்தியது. அரைகல்லும் மண்டியிடும் முறையும் மாறவில்லை. கிணற்றடியில் கூந்தலைக் கோதிக்கொண்டே நிற்கும் நாயகிகளை இந்த எலும்புகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இளையோருக்கென்றே எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்தவை, ஆச்சரியமாக, வேதத்தில் இல்லவே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றியவை: நோவாவின் மகள். நோவாவுக்கு மூன்று மகன்கள், ஒரு மனைவி, மூன்று மருமகள்கள். மகள் என்று யாரும் இல்லை. பெண்கள் ஒருவருக்கும் பெயரும் இல்லை.

மாட்லீன் லெங்கிள் 1986இல் எழுதிய ‘மெனி வாட்டர்ஸ்’ நாவலில் இன்றைய அமெரிக்க இரட்டையர் இருவர் நோவாவின் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். அவனுடைய கடைசி மகள் யாலித்தைச் சந்திக்கிறார்கள். பேழையில் அவளுக்கு இடம் இல்லை. இருவருக்கும் அவள் மேல் பிரியம். ஆனால் லெங்கிள் அதைக் கல்யாணத்தில் முடிக்கவில்லை. ஏனோக்கு மரணத்தைக் காணாமல் எடுத்துக்கொள்ளப்பட்டானே, அப்படி யாலித்தும் எடுத்துக்கொள்ளப்படுகிறாள். அழகான தீர்வு. கொஞ்சம் தப்பித்தல் என்றும் சொல்லலாம்.

ஜெரால்டின் மக்காக்ரியன் தப்பிக்கவில்லை. 2004இல் வந்து அந்த ஆண்டின் விட்பிரெட் சிறுவர் நூல் விருதைப் பெற்ற ‘நாட் தி எண்ட் ஆஃப் த வேர்ல்ட்’ நாவலில் டிம்னா பேழைக்குள் இருக்கிறாள். ஞாயிறு பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் வண்ணப்படத்துப் பேழை அல்ல இது. வெளியே மூழ்கிக்கொண்டிருப்பவர்கள் மரப்பலகையைப் பற்றிக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் அவர்களை அடித்து விலக்குகிறார்கள். கீழ்த்தளத்தில் சாணமும் அழுகலும் நோயும். டிம்னா ஒரு சிறுவனையும் அவன் தங்கைக் குழந்தையையும் காப்பாற்றி மிருகங்களுக்கிடையில் ஒளித்துவைக்கிறாள். அவர்கள் அகப்பட்டால் அப்பாவின் கண்ணில் அவர்கள் பிள்ளைகள் அல்ல, பேய்கள். கடவுள் சொன்னார் என்று அப்பா சொல்வதை நம்பி வளர்ந்த பெண், அப்பாவுக்குத் தெரியாமல் ஓர் உயிரை வைத்துக் காக்கும்போது அவள் நம்பிக்கைக்கு என்ன ஆகிறது? பதின்பருவத்தில் சமயக் குடும்பத்தில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் இது தெரிந்த தவிப்பு. மக்காக்ரியன் டிம்னாவின் குரலோடு மிருகங்களின் குரல்களையும் சேர்க்கிறார். வேட்டையாடுவதும் வேட்டையாவதும் ஒரே கூரையின் கீழ் மூச்சுவிடுகின்றன. இந்த வகையில் வந்த நூல்களில் ஒன்றையே படிக்க நேரம் உள்ளவர் இதைப் படிக்கலாம்.

டோனா ஜோ நேப்போலியும் 2014இல் ‘ஸ்டார்ம்’ நாவலில் அதே பேழைக்குள் ஒரு கானானியப் பெண்ணைத் திருட்டுத்தனமாக ஏற்றினார். குடும்பத்தில் ஒருத்தியாகக்கூட இல்லாமல், அழிக்கப்பட வேண்டியவர்களில் ஒருத்தி பேசுகிறாள். பார்வை இடம் மாறியதும் பழகிய கதை முழுவதும் அந்நியமாகிவிடுகிறது.

நேப்போலியின் முந்திய நாவல் ‘சாங் ஆஃப் த மேக்டலீன்’ 1996இல் வந்தது. மகதலேனா மரியாளிடமிருந்து ஏழு பேய்கள் நீங்கின என்று லூக்கா ஒரு வரி எழுதியிருக்கிறார். அவள் விலைமகள் என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. 591இல் போப் முதலாம் கிரகோரி ஆற்றிய ஒரு பிரசங்கம் மூன்று வெவ்வேறு பெண்களை ஒருத்தியாக்கியது. மேற்குத் திருச்சபை 1969இல் தன் நாட்காட்டியைத் திருத்தும்வரை அந்தப் பழி நீடித்தது. நேப்போலி அந்தப் பேய்களை வலிப்பு நோயாகப் படித்தார். திடீரென்று உடம்பு விறைத்து விழும் சிறுமி, ஊருக்குத் தெரிந்தால் பேய் பிடித்தவள் என்பார்கள் என்று அதை மறைத்துக்கொண்டு வாழ்கிறாள். நடக்க முடியாத ஆபிரகாம் என்ற பையன்தான் அவளுக்கு உற்ற துணை. இங்கும் காதல் வருகிறது. ஆனால் அது அவள் மௌனத்தை அடைக்க வந்த காதல் அல்ல. ஊர் ஒதுக்கிய இரண்டு உடல்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வது.

இயேசு காலத்துக் கதைகளில் வேறொரு கண்ணி இருக்கிறது. பெண்ணை இயேசு விடுவிக்க வேண்டுமென்றால் யாரிடமிருந்து? கதை எழுதுகிறவர் கை நீள்வது யூதச் சட்டத்தையும் ரபிகளையும் நோக்கி. ஆணாதிக்கத்தைக் கண்டுபிடித்தவர்களே யூதர்கள் என்பதுபோல் எழுதும் இந்தப் பழக்கத்தை 1970களின் இறுதியிலேயே யூதப் பெண்ணிய இறையியலாளர் யூடித் பிளாஸ்கோ கண்டித்தார். பிறகு ஆய்வாளர் ஏமி-ஜில் லெவைன் விரிவாக எழுதினார். எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியரின் ‘தி பிரான்ஸ் போ’ 1962இல் நியூபெரி பதக்கம் பெற்றது. அச்சத்தால் வீட்டைவிட்டு வெளியே வராமல் தறியே கதியாக உட்கார்ந்திருக்கும் லேயாள் என்ற பெண் அதில் மறக்க முடியாத சித்திரம். அதே நூலில் ரபிகள் காட்டப்படும் விதத்தை யூத வாசகர்கள் ஆட்சேபித்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே இளையோருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஜூலியஸ் லெஸ்டர் இந்தக் கண்ணியில் விழாததற்கு அவர் வாழ்க்கையே காரணம். கறுப்பினத்தவர், அடிமை வரலாற்றை எழுதியவர், பிறகு யூத மதத்தைத் தழுவியவர். 2000இல் அவர் எழுதிய ‘ஃபேரோஸ் டாட்டர்’ மோசேயை வளர்த்த இளவரசியையும் மோசேயின் அக்காளையும் எதிரெதிரே நிறுத்துகிறது. இளவரசியின் மனம் எபிரெயர் பக்கம் போகிறது. அக்காளின் மனம் எகிப்தின் தெய்வங்களிடம் போகிறது. விடுதலை பெறும் இனத்தில் பிறந்தவள் அடக்கும் நாட்டின் அழகில் மயங்குவதை எழுதத் துணிச்சல் வேண்டும்.

இத்தனை நாவல்களிலும் பின்னால் நிற்கிறவர்கள் அடிமைப் பெண்கள். பில்காளும் சில்பாளும் யாக்கோபின் பன்னிரண்டு மகன்களில் நால்வரைப் பெற்றவர்கள். அவர்களைக் கேட்டு யாரும் அவர்களைக் கொடுக்கவில்லை. இன்றைய ஈராக்கின் கிர்குக் அருகே நூசியில் கிடைத்த கி.மு. 15-14ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளில் ஒரு கல்யாண ஒப்பந்தம் இருக்கிறது: மனைவிக்குப் பிள்ளை பிறக்காவிட்டால் அவளே லுல்லு நாட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கணவனுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். லுல்லு நாட்டுப் பெண்ணுக்கு அந்தப் பலகையில் பேர் இல்லை. ஆபிரகாமின் மனைவி சாராள் தன் அடிமை ஆகாரைக் கணவனுக்குக் கொடுத்த கதையும் இதைப் போன்றதுதான். மார்கரெட் அட்வுட் 1985இல் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ எழுதியபோது பில்காளைத்தான் எடுத்துக்கொண்டார். அவளை எதிர்காலத்துக்கு அனுப்பினார். பில்காளை அவளுடைய சொந்தக் காலத்தில், சொந்தக் கூடாரத்தில் வைத்து, எஜமானியின் மேல் அவளுக்கு இருந்திருக்கக்கூடிய பாசத்தையும் வெறுப்பையும் ஒன்றாக எழுதும் இளையோர் நாவல் இன்னும் தேவைப்படுகிறது.

யெப்தாவின் மகளும் அப்படித்தான். போரில் வென்றால் வீட்டு வாசலிலிருந்து முதலில் வருவதைப் பலியிடுவேன் என்று அப்பா நேர்ந்துகொள்கிறான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வருகிறாள் ஒரே மகள். அவள் கேட்பது இரண்டு மாதம் மட்டும், தோழிகளோடு மலைகளில் சுற்றி அழ. பழைய யூத நூல் ஒன்று அவளுக்குச் செய்லா என்று பெயரிட்டு ஒரு புலம்பலையும் கொடுத்தது. இடைக்கால உரையாசிரியர் தாவீது கிம்கி அவள் பலியாகவில்லை, தனிமையில் வாழ்ந்தாள் என்றார். 1750களில் அரங்கேறிய ஹாண்டெலின் இசை நாடகத்தில் தேவதூதன் வந்து காப்பாற்றுகிறான். எல்லாருக்கும் அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற தவிப்பு, புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அவளைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் அப்பாவும் சேர்ந்து தப்பிவிடுகிறான். நாவல் இருக்கும் இடம் அந்த இரண்டு மாதம்: மலை, தோழிகள், என்ன பேசியிருப்பார்கள், ஓடிப்போகலாம் என்று எவளாவது சொன்னாளா. 1957இல் லியோன் ஃபாய்க்ட்வாங்கர் ஜெர்மனில் இதை நாவலாக எழுதினார். அது தகப்பனின் நாவல்.

நம்பிக்கை தருகிற ஒரு விஷயம் எண்ணாகமத்தில் காத்திருக்கிறது. செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள். அப்பா வனாந்தரத்தில் செத்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. ஐந்து பேரும் மோசேயின் முன்னும் சபையார் எல்லாருக்கும் முன்னும் நின்று அப்பாவின் பங்கைக் கேட்கிறார்கள்; 27ஆம் அதிகாரத்தில் சட்டமே அவர்களுக்காக மாறுகிறது. 36ஆம் அதிகாரத்தில் குலத்துப் பெரியவர்கள் வந்து, நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடும் என்று முறையிட, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை விழுகிறது. ஐந்து பேரும் சித்தப்பா பெரியப்பா மகன்களைக் கட்டிக்கொள்கிறார்கள். இவர்களை எழுத வருகிறவர் வெற்றி பெற்ற 27ஆம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள ஆசைப்படுவார். 36ஐ விட்டால் அது பாதிக் கதை. தரவுக்கும் பஞ்சமில்லை. 1910இல் சமாரியாவில் ஹார்வர்ட் குழுவினர் தோண்டியபோது கி.மு. எட்டாம் நூற்றாண்டுப் பானை ஓடுகள் கிடைத்தன; எந்த ஊரிலிருந்து எவ்வளவு பழைய திராட்சரசம், எவ்வளவு எண்ணெய் வந்தது என்று மையால் எழுதிய சரக்குக் குறிப்புகள். சரக்கு அனுப்பிய வட்டாரங்களின் பெயர்களில் இரண்டு, நோவாள், ஓக்லாள்.